லேப்டாப்புக்கு டென்ஷன்

செஞ்சி பஜாரில் லேப்டாப் பழுது பார்ப்பவர் அவர். சட்டைப் பையில் பேனா இருக்காது. பள்ளிப் பிள்ளைகளின் அழிரப்பர்தான் இருக்கும். எந்த லேப்டாப்பைத் தொடும் முன்பும் அதன் சொந்தக்காரரை வெளியே அனுப்பிவிடுவார்.

என் கேமிங் லேப்டாப்பில் திரை வரவில்லை. தானாக அணைந்து அணைந்து எழுந்தது. மறுநாள் கொடுக்கவேண்டிய கல்யாண வீடியோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தது.

“வெளிய நில்லுங்க சார். நீங்க பக்கத்துல இருந்தா அதுக்கு டென்ஷன் ஆவுது.”

கோட்டையைப் பார்த்தபடி தெருவில் நின்றேன்.

“வந்துடுச்சி!”

உள்ளே ஓடினேன். அணைந்தது.

“இன்னா சார், சொன்னா கேக்க மாட்டீங்களா?” என்று முறைத்தார்.

மறுபடி வெளியே போய்க் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். ரேம் என்ற மெமரி அட்டையைக் கழற்றி, அதன் அழுக்கேறிய முனைகளை ரப்பரால் தேய்த்து மாட்டினார். அதன்பின் அது அணையவே இல்லை.

காரணம் ரப்பர்தான், தெரியும். ஆனாலும் இன்றுவரை பட்டனை அழுத்திவிட்டு நான் வாசலில் போய்த்தான் நிற்கிறேன்.