பூஜையில் வைத்த பென்டிரைவ்

வங்காளத்துப் பெஹாலாவில் இருக்கும் தமிழர்களில், பட்டாபிராமன் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போகாதவர்கள் குறைவு. கைமாற்றுக் கேட்பார் என்ற பயமில்லை. அதைக் கேட்டாலாவது கொடுத்துத் தொலைக்கலாம். "உங்காத்துக் கம்ப்யூட்டர்ல என்ன சாஃப்ட்வேர் போட்டிருக்கேள்?" என்றுதான் ஆரம்பிப்பார். பதில் சொன்னால் அவ்வளவுதான். கட்டற்ற மென்பொருள், எவரும் திறக்கக்கூடிய கோப்பு வடிவம், நாம் எழுதியதை நமக்கே வாடகைக்கு விடுகிற பெரிய கம்பெனிகள் என்று பிடித்துக்கொள்வார். காத்திருந்த பஸ் வந்து போனதும் தெரியாது.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஓய்வு பெறும் சமயத்தில், அலுவலகத்தின் பழைய கோப்புகளைத் திறப்பதற்காகவே ஒரு கம்பெனியின் முன் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது. எழுதியவர்கள் இவர்கள், சாவி அவர்களிடம். அன்றைக்குப் பிடித்த சூடு அவருக்கு இறங்கவே இல்லை. ஊதுகிற சங்கை ஊதிவைப்போம் என்று ஊதிக்கொண்டே இருந்தார்.

அதில் காது புளித்துப்போனவள் அவர் மனைவி வித்யாலக்ஷ்மி. அவளுக்கும் ஒரு பைத்தியம் உண்டு, ஆனால் சத்தம் போடாத பைத்தியம். பக்கத்துத் தெருவில் வாழ்ந்து மறைந்த ஓர் ஆசிரியை எழுதிய வங்காள நாவலை, பல வருஷமாகத் தமிழில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தாள். எழுதியது முழுக்க ஏதோ ஒரு கம்பெனியின் செயலியில். திரை அழகாக இருந்தது, எழுத்து அழகாக இருந்தது. வேறு எதிலும் அந்தக் கோப்பு திறக்காது என்பது மட்டும்தான் குறை. கணவர் சொன்னபோதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அந்த வீட்டு நவராத்திரியில் ஒரு விசேஷம் உண்டு. எல்லார் வீட்டிலும் சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களை அடுக்கிக் குங்குமம் வைப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்து நாலு வரி படிப்பார்கள். பட்டாபிராமன் வீட்டில் அந்த அடுக்கின் மேல் ஒரு பென்டிரைவும் இருக்கும். வீட்டில் எழுதியது எல்லாம் திறந்த வடிவத்தில் அதில் ஏற வேண்டும்.

"இன்னொருத்தன் சாவி குடுத்தாத்தான் திறக்கும்னா, அது நம்ம புஸ்தகமே இல்லை. அதை அம்பாள் முன்னாடி வைக்காதே" என்பார்.

போன வருஷம் நவராத்திரிக்கு முன்னால் நாவல் முடிந்துவிட்டது. ஆனால் அதே வாரம் நியூ டவுனில் ஒரு கல்யாணம். பந்தியில் பாயசம் பரிமாறும் நேரத்தில் பட்டாபிராமன் மாப்பிள்ளையின் மாமாவைப் பிடித்துக்கொண்டார். மாமா வேலை பார்ப்பதே அப்படி ஒரு பெரிய கம்பெனியில். பாயசம் ஆறியது, மாமாவின் முகம் சிவந்தது, வித்யாவுக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்: "இனிமே சாஃப்ட்வேர்னு நீங்க வாயைத் திறந்தா, நான் சாந்த்ராகாச்சிக்கு அண்ணா ஆத்துக்குப் போயிடுவேன்."

சொன்னதோடு விடவில்லை. சரஸ்வதி பூஜையன்று ஒரு வெறும் பென்டிரைவை எடுத்து, சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்தியாக அடுக்கின் மேல் வைத்தாள். அம்பாளையே ஏமாற்றியாயிற்று! அவரும் அன்றிலிருந்து அவளிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இந்தப் புரட்டாசியில், தெருமுனையில் பூஜைப் பந்தலுக்கு மூங்கில் கட்டிக்கொண்டிருந்த ஒரு காலையில், சென்னைப் பதிப்பகத்திலிருந்து போன் வந்தது. மாதிரிக்கு அனுப்பிய இரண்டு அத்தியாயங்கள் பிடித்துவிட்டன, முழு நாவலையும் அனுப்புங்கள் என்றார்கள். வித்யா ஓடிப்போய் லேப்டாப்பைத் திறந்தாள். செயலி திறக்கவில்லை. கம்பெனியை வேறொரு கம்பெனி வாங்கிவிட்டதாம், சேவை நிறுத்தப்பட்டதாம். எச்சரித்து வந்த மின்னஞ்சல்களை எல்லாம் அவள் விளம்பரம் என்று படிக்காமலே விட்டிருக்கிறாள். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. திறக்கத்தான் வழியில்லை.

புத்தகம் போனது ஒரு துக்கம். இதை அந்த மனுஷரிடம் போய்ச் சொல்ல வேண்டுமே என்பது அதைவிடப் பெரிய துக்கம்.

சொன்னாள். பட்டாபிராமன் பூஜை அலமாரியிலிருந்து பென்டிரைவை எடுத்து வந்தார். குங்குமம் காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஏன்னா, அது காலி" என்றாள் வித்யா, தலையைக் குனிந்துகொண்டு. "கோவத்துல வெறுமனேதான் வெச்சேன்."

"தெரியும். விஜயதசமியன்னிக்கு உன்னைப் படிக்கச் சொல்லலாம்னு எடுத்துப் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே இல்லை. நீ குளிக்கப் போனப்போ உன் லேப்டாப்பிலேருந்து நானே திறந்த வடிவத்துல எடுத்துப் போட்டேன். உன்னைக் கேக்காம தொட்டது தப்புதான்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?"

"எப்படிச் சொல்றது? சாந்த்ராகாச்சிக்குப் போயிடுவேன்னியே!"

கோப்பு திறந்தது. முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை அப்படியே இருந்தது. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்ததில் எதை முதலில் துடைப்பது என்று தெரியாமல் மூக்கைத் துடைத்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, பேசுங்கோ. ஒரு வருஷத்துப் பேச்சையும் சேர்த்துப் பேசுங்கோ. இன்னிக்கு நான் எழுந்து போகமாட்டேன்."

பட்டாபிராமன் தொண்டையைக் கனைத்தார். இப்படி ஒரு சந்தர்ப்பம் அவர் ஆயுசில் வந்ததில்லை. ஆனால் பேச்சை ஆரம்பிக்கவில்லை.

"அது இருக்கட்டும். அன்னிக்கு விஜயதசமிக்குப் படிக்கவே இல்லையே. இப்போ நாலு வரி படி, கேக்கறேன்."

"ஒரு வருஷமா இது உங்க கையிலதானே இருக்கு. நீங்க படிக்கலையா?"

"எடுத்து வெச்சேன், அவ்வளவுதான். நீ எழுதினது. நீ படின்னு சொல்லாம நான் எப்படிப் படிப்பேன்?"

வித்யா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படிக்க ஆரம்பித்தாள். நாலு வரியில் அவர் நிறுத்தச் சொல்லவில்லை. அவளும் நிறுத்தவில்லை.