நாற்பது அக்கா தங்கைகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் மாணவிகள் சங்கம் வைத்துக்கொள்வார்கள். ஒரே வீட்டில் தங்கி, மூன்று கிரேக்க எழுத்துகளைச் சட்டையில் போட்டுக்கொண்டு, ஒருத்தியை ஒருத்தி சகோதரி என்பார்கள். அந்த எழுத்துகளுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் ரகசியம் என்பார்கள். இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், திண்டுக்கல்லிலிருந்து ஓராண்டுப் பரிமாற்ற மாணவியாகப் போன நானும் அப்படி ஒன்றில் சேர்ந்தேன். ஒருத்தி சிரித்துக்கொண்டே கூப்பிட்டாள், போனேன்.

சேர்ப்பதற்கு முன் எங்களை ஒவ்வொரு சங்கத்து வீடாக நடக்கவிட்டார்கள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு கும்பல் கைதட்டிக் கத்தியது. உள்ளே போனால் என் எண்ணெய்த் தலையைத் தொட்டுப் பார்த்து, ஆகா ஓகோ என்று புகழ்ந்தார்கள். இப்படிப் புகழ்வதற்கென்றே முன்கூட்டி ஒத்திகை பார்ப்பார்களாம். கடைசியில் எல்லோரும் வெள்ளை உடை போட்டு, மெழுகுவர்த்தி பிடித்து உறுதிமொழி எடுத்தோம். சிறுமியாய் மாதாகோயிலில் முதல் அப்பம் வாங்கிய புதுநன்மை அன்று செய்ததை இருபது வயதில் மறுபடி செய்தேன். அன்றைக்காவது வீட்டில் பிரியாணி போட்டார்கள். இங்கே பச்சைக் கேரட் துண்டு.

சங்கம் அடுத்து வைத்த விளம்பரத் தட்டியில் என் முகம்தான் நடுவில் இருந்தது. நாற்பது வெள்ளைக்காரிகளுக்கு நடுவே ஒரு கறுப்பி நின்றால் சங்கத்துக்குக் கௌரவம் என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

புதிதாக வந்தவளுக்கு ஓர் அக்காவையும் ஒதுக்குவார்கள். என் அக்கா பார்க்கும்போதெல்லாம் கட்டிப்பிடிப்பாள். என் பெயரைக் கடைசிவரை சரியாகச் சொன்னதில்லை. அக்கா கிடைத்ததை மட்டும் அம்மாவிடம் ஃபோனில் சொன்னேன். பள்ளிக்கூடத்து டீச்சரான அவளுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

"அங்கனயும் ஒனக்கு ஒரு அக்கா இருக்காளே, அது போதும்டி. கிறிஸ்துமஸுக்கு அவுக வீட்டுக்குத்தான போவ?"

"வேற எங்க போறேன்" என்றேன்.

டிசம்பர் வந்தது. விடுமுறைக்குச் சங்க வீட்டைப் பூட்டப் போவதாகச் சொன்னார்கள். எனக்குப் போக்கிடம் கிடையாது. அக்கா காரில் பெட்டியை ஏற்றிவிட்டு வந்து கேட்டாள்: "நீ எங்கே போகிறாய்? வேண்டுமானால் எங்கள் வீட்டுக்கு வா."

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், சாப்பிடு என்று அவர்கள் சொன்னால், பசி குடலைப் பிடுங்கினாலும் "இப்பத்தான் சாப்ட்டு வாரேன்" என்பதுதான் மரியாதை. வீட்டுக்காரர் அதைக் காதிலேயே வாங்கமாட்டார். கையைப் பிடித்து இழுத்து உட்காரவைப்பார். கூப்பிட்ட உடனே உட்காருகிற பெண்ணை, வளர்த்த லட்சணம் என்று தெருவே பேசும். அந்த மகா மரியாதையை நான் கப்பலேற்றிக் கொண்டுபோயிருந்தேன்.

"பரவாயில்லை, எனக்கு இடம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, அவள் இழுப்பாள் என்று நின்றேன்.

"அப்படியா, ரொம்ப நல்லது" என்று கட்டிப்பிடித்துவிட்டுக் காரைக் கிளப்பிக்கொண்டு போயே போய்விட்டாள். மற்ற சகோதரிகளும் வரிசையாக வந்து கட்டிப்பிடித்தார்கள். அவர்களிடமும் இடம் இருப்பதாகவே சொன்னேன். சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஊருக்குப் போகாத வெளிநாட்டு மாணவர்களுக்காகத் திறந்து வைத்திருந்த பழைய விடுதி ஒன்றில் போய் ஒண்டினேன். சமையலறை மூடிக்கிடந்தது. கிறிஸ்துமஸ் அன்று ரொட்டியும் ஜாமும் தின்றேன். அம்மாவிடம் ஃபோனில் நன்றாக இருக்கிறேன் என்றேன். அவளும் நான் அக்கா வீட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பிய வாரமே அம்மா சின்னாளபட்டி போய் ஒரு சுங்குடிச் சேலை எடுத்து வந்தாள். "அந்த அக்காவோட அம்மாவுக்குப் பார்சல்ல அனுப்பிரு. நல்ல நாளுல எம்புள்ளைக்குச் சோறு போட்டவுக."

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். நாற்பது பேரையும் அவள் திட்டித் தீர்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதனால் நானே எடுத்துக் கொடுத்தேன்: "ஒரே ஒரு தடவதாம்மா கூப்புட்டா."

அம்மா சேலையை மடியில் வைத்து மடிப்பை நீவிவிட்டாள்.

"அந்தப் புள்ள ஒரு தடவயாச்சும் கூப்புட்டுச்சுல்ல. நீ ஏன்டி வெறும் ரொட்டியத் தின்னுக்கிட்டுக் கெடந்த? கூப்ட ஒடனே போயிறக் கூடாதுன்னு நாஞ் சொல்லிக் குடுத்தேன்னா?"

"அதெல்லாம் இல்லம்மா" என்றேன்.

அம்மா நம்பவில்லை.