கரையாத முகங்கள்

2024 ஆகஸ்ட் 6, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு அந்த மனிதர் வந்தார்.

செங்கம் சாலையிலுள்ள ஒரு தங்கும் விடுதியில், கல்லூரி முடிந்த பிற்பகல்களில் நான் வேலை செய்துகொண்டிருந்தேன். தங்கியவர்களின் அடையாள அட்டை நகல்களை ஸ்கேன் செய்து, பெயர்வாரியாகக் கணினியில் சேர்ப்பது என் பணி. ஓராண்டு கடந்த நகல்களை அழித்துவிட வேண்டும் என்பது விடுதியின் விதி. ஆனால் உரிமையாளர் அக்கா, மனித முகம் அச்சான தாளைக் கிழிக்கவோ எரிக்கவோ விடமாட்டார். அவை பரணில் மூட்டைகளாகக் கிடந்தன. மூட்டைக்குள் இருந்தவரை அவற்றில் யாரையும் தேடிப் பிடித்திருக்க முடியாது. அவற்றையும் நான் ஒழுங்குபடுத்தி முடித்திருந்தேன்.

முன்பு தங்கிய ஒருவரைப் பற்றி விசாரிக்க வேண்டும் என்றார் வந்தவர்.

“அதுக்கென்னங்க? எங்க பொண்ணு எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டா. பேரைச் சொல்லுங்க, காபி ஆறதுக்குள்ள எடுத்துடுவா,” என்றார் அக்கா பெருமையாக.

வந்தவர் தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். “என் ஒய்ஃப்புங்க. இங்கிருந்து எங்க போனான்னு மட்டும் சொல்லுங்க, போதும்.”

அக்காவின் முகம் மாறியது. அந்தப் பெண்ணை எனக்கும் நினைவிருந்தது. ஓராண்டுக்கும் முன்பு, கையில் மாவுக்கட்டுடன் வந்து தங்கியவர். “யாராவது கேட்டா, நான் இங்க வரவேயில்லைனு சொல்லிடுங்க” என்று எங்களிடம் கேட்டுக்கொண்டு போனவர். விடுதி வழக்கப்படி, அடுத்துச் செல்லும் முகவரியைக் கேட்டு அவருடைய நகலின் ஓரத்தில் குறித்தவள் நான்.

“யாருக்கும் குடுக்கிறதில்லைங்க,” என்றேன்.

“அப்ப இருக்குதுல்ல?” அவர் சிரித்தார். “அதான் இப்ப அவங்களே சொன்னாங்களே. காலைல வரேன். எடுத்து வைம்மா.”

ஒரு தாளை உடனே எடுக்கும்படி வைப்பது ஒரு வேலை. அதை யார் பார்க்கலாம், எதுவரை வைத்திருக்கலாம் என்று தீர்மானிப்பது வேறு. முதல் வேலையைக் குறையின்றிச் செய்திருந்தேன். இரண்டாவதை எவரும் செய்திருக்கவில்லை.

அவர் போனதும் அக்கா பரணைப் பார்த்தார். பிறகு, “கிழிக்காத, எரிக்காத. பழசையெல்லாம் தண்ணில போட்டுடு,” என்றார்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் போகாமல், ஓராண்டு கடந்த பதிவுகள் அனைத்தையும் கணினியிலிருந்து நீக்கினேன். நகல்களைக் கொல்லைத் தொட்டியில் அமிழ்த்தினேன். தாள் கூழாயிற்று, மை கரையவில்லை. கண்களும் நெற்றிகளும் ஒவ்வொன்றாக மேலே மிதந்து வந்தன. வாசலில் வண்டி நிற்கும் ஓசை கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைத் தேடியெடுத்து, உருத்தெரியாமல் போகும்வரை உள்ளங்கையில் பிசைந்தேன். பிறகு ஈரக் கையோடு வாசலுக்குப் போய், “எங்ககிட்ட இல்லைங்க,” என்றேன். நகக்கண்களில் கறுப்பு ஒட்டியிருந்தது.