ஆதாரம்: மைமூன், விசாரணை மேசை

மாநாட்டின் இணையப்பக்கத்தில் அவரைப் பற்றி இப்படிப் போட்டிருந்தது: “திருமதி மைமூன், மூத்த நூலகர். தொழில்முறை மாநாடுகளில் உற்சாகமாகக் கருத்துப் பரிமாறுபவர். புதிய மனிதர்களைச் சந்திப்பதில் பேரார்வம் கொண்டவர். மாற்றத்தை முன்னின்று நடத்துபவர்.” எழுதியவள் வைஷாலி. மைமூன் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்தில் அவருக்குப் பக்கத்து நாற்காலி. வருகிறவர்கள் எல்லோரும் தங்களைப் பற்றி நான்கு வரி அனுப்ப வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தன்னைப் பற்றி ஒரு வரிக்கு மேல் தேறாது என்று மைமூன் கைவிட்டிருந்தார்.

இதுவரை போன மாநாடுகளில் எல்லாம் மைமூன் உட்கார்ந்தது கடைசிக்கு முந்திய வரிசையில், கதவோரம். கடைசி வரிசை என்றால் ஒளிகிறார் என்று நினைப்பார்களாம். தேநீர் இடைவேளையில் யாரும் கைகுலுக்க வராதிருக்க ஒரு கையில் கோப்பை, மறுகையில் கேக். பேரார்வம் அவ்வளவுதான். ஆனால் நூலகத்தில், புத்தகம் தேடுகிறவர்கள் கேள்வியோடு வரும் விசாரணை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்துவிட்டால் ஆளே வேறு. எந்தப் பேராசிரியரையும் “இதை எங்கே படித்தீர்கள்?” என்று கேட்டு நெளிய வைப்பார்.

இந்தத் தடவை பயத்துக்குக் கூடுதல் காரணம் இருந்தது. மைமூன் ஓய்வு வயதைத் தாண்டியவர். வேலை ஆண்டுக்கு ஆண்டு ஒப்பந்தத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் அதைப் புதுப்பிக்க வேண்டியவர் நூலக இயக்குநர் பரமசிவம். பிற்பகல் அமர்வை நடத்தப்போகிறவரும் அவரே. மாணவர்களின் கேள்விகளுக்குத் தானாகப் பதில் சொல்லும் கணினி உதவியாளர் ஒன்றை ஒரு நிறுவனத்தார் அதில் விளக்க இருந்தார்கள். இவர்கள் நூலகத்தில் அது ஏற்கெனவே சோதனை ஓட்டத்தில் இருந்தது. பரமசிவத்துக்கு அதன்மேல் புது மாப்பிள்ளையின் பிரியம். இனி விசாரணை மேசையே தேவைப்படாது என்று நிறுவனத்தார் அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

அந்த உதவியாளரிடம் ஒரு பழக்கம். இல்லாத புத்தகங்களைப் பரிந்துரைக்கும். ஆசிரியர் பெயர், ஆண்டு, பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும்; புத்தகம் மட்டும் உலகத்திலேயே இருக்காது. பிள்ளைகள் மைமூனிடம் வந்து நிற்பார்கள். இருக்கிற புத்தகத்தைத் தேடி எடுப்பது சுலபம். இல்லாததை இல்லை என்று உறுதியாகச் சொல்லத்தான் அரை நாள் போகும்.

மாநாட்டு நாள் மதியம் இருவரும் விடுதியிலிருந்து நடந்து தேக்கா சந்தையின் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனார்கள். ஊர் வழக்கப்படி டிஷ்யூ பாக்கெட்டை மேசைமேல் போட்டு இடம் பிடித்தாள் வைஷாலி.

“அக்கா, பிரியாணியை ஏன் கிளறிக்கிட்டே இருக்கீங்க? அதுக்குள்ள புக் ஒண்ணும் இல்ல லா.”

“இந்த இல்லாத புக் விஷயமா டைரக்டருக்கு ரெண்டு தடவை இமெயில் போட்டேன். ‘நோட்டட் வித் தேங்க்ஸ்’னு பதில் வந்துச்சு.”

“அப்போ இன்னைக்கு நேரா கேட்டுருங்க.”

“மைக்லயா? ஏற்கெனவே பிரஷர் மாத்திரை போடுறேன். அடுத்த மாசம் கான்ட்ராக்ட் வேற.”

“மைக் எதுக்கு? மாநாட்டு ஆப்ல கேள்வி டைப் பண்ணலாம். பேரை மறைக்க ஒரு பட்டன் இருக்கு. தட்டிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்காருங்க. யாருக்குத் தெரியும்?”

பிற்பகல் நிறுவனத்து இளைஞர் தொண்ணூறு சதவீதத் திருப்தியைப் படம் போட்டுக் காட்டினார். மைமூன் தலையை மூடிய துடோங்கின் நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். கைபேசியை மடியில் மறைத்து, பெயரை மறைக்கும் பட்டனை அழுத்தி, அது அழுந்தியதா என்று மறுபடியும் பார்த்து, கேள்வியைத் தட்டி அனுப்பினார்.

அது மேடைத் திரையில் வந்தது. மற்ற நூலகங்களிலும் இதே கதைதான் போலும். ஆதரவு வாக்குகள் மளமளவென்று ஏற, கேள்வி பட்டியலின் உச்சிக்குப் போனது. மைமூன் நிம்மதியாக நிமிர்ந்து பார்த்தார். கேட்டவர் என்ற இடத்தில் ‘பெயர் இல்லை’ என்றிருந்தது. கீழே கேள்வி: “உங்கள் உதவியாளர் பரிந்துரைக்கும் புத்தகம் இல்லாத புத்தகம் என்றால், அதைக் கண்டுபிடிப்பது யார் வேலை?” அதற்கும் கீழே: “ஆதாரம்: மைமூன், விசாரணை மேசை, இந்தப் பருவம்.”

ஆதாரம் போடாமல் ஒரு வரியும் எழுதாதீர்கள் என்று ஆண்டுதோறும் புதிய மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறவர். விரல் தன் கடமையைச் செய்துவிட்டது.

கேள்வியை அழிக்க வழி தேடினார். எதையும் தேடித் தருவதைத் தொழிலாகக் கொண்டவருக்கு அது மட்டும் கிடைக்கவில்லை.

மேடையில் பரமசிவம் கேள்வியை உரக்கப் படித்தார். கடைசி வரியில் குரல் நின்றது. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார்.

“மைமூன்? ஆர் யூ ஹியர்?”

கைப்பை எப்போது தோளுக்கு ஏறியது என்று மைமூனுக்குத் தெரியாது. நான்கு எட்டில் கதவு.

“அக்கா, கதவைப் பார்க்காதீங்க,” என்று கிசுகிசுத்தாள் வைஷாலி. “எல்லாரும் உங்களைத்தான் தேடுறாங்க.”

மைமூன் எழுந்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பேச வேண்டி இருக்கவில்லை. நிறுவனத்து இளைஞர் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்: “நல்ல கேள்வி. சரிபார்க்கத்தான் நூலகர்கள் இருக்கிறார்களே!”

அரங்கம் சிரித்தது. பரமசிவம் சிரிக்கவில்லை. மேசையே தேவைப்படாது என்று தன்னிடம் சொன்னவர்கள் இப்போது அரங்கத்துக்கு முன்னால் அந்த மேசையை நம்பித்தான் கடை விரித்திருக்கிறோம் என்கிறார்கள்.

தேநீர் வேளையில் அவர் நேராக வந்தார். மைமூனிடம் ஒரு கையில் கோப்பையும் மறுகையில் கேக்கும் இருந்தன, பயனில்லை.

“என்ன மைமூன், பேர் போடாம கேட்டிருக்கலாமே?”

“போடலைன்னுதான் சார் நெனச்சேன்.”

“என்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?”

“ரெண்டு இமெயில் போட்டேன் சார். நோட்டட்னு சொன்னீங்க.”

“நோட்டட்னா படிச்சேன்னு அர்த்தமா?” என்றார் பரமசிவம். சொன்ன பிறகு அவருக்கே என்னவோ போலிருந்திருக்க வேண்டும். “அந்த இல்லாத புக்கு கேஸ் எல்லாத்தையும் எனக்கு அனுப்புங்க. திங்கக்கிழமை உட்காருவோம்.”

மூன்று வாரம் மைமூன் சரியாகத் தூங்கவில்லை. பிறகு ஒப்பந்தம் வந்தது, இன்னும் ஓராண்டுக்கு. மேசை அங்கேயே இருந்தது. உதவியாளரும் இருந்தது, அதன் பதில்கள் மைமூன் வழியாகப் போகும் என்ற ஏற்பாட்டோடு. அடுத்த மாநாட்டுக்காக வைஷாலி அவருடைய அறிமுகத்தில் ஒரு வரி சேர்த்தாள்: “அச்சமின்றிக் கேள்வி கேட்பவர்.”

மைமூன் செய்தது இது: பெயரை மறைத்து ஒரு கேள்வி கேட்டார், அதன் கீழே தன் பெயரைப் போட்டார், கூப்பிட்டபோது எழுந்து நின்றார்.