சத்தம் வந்தது, ரயில் வரவில்லை

அன்று ரயில் கேற்றடியில் நின்றவர்கள் இவ்வளவு பேர்தான்: நான், பட்டா என்கிற சின்ன லொறியில் இறால் கொண்டுவந்த கின்னியா வியாபாரி, ஸ்கூட்டியில் ஒரு டீச்சர், எதிர்ப்பக்கத்தில் சைக்கிளில் தயிர்ச் சட்டிகளோடு ஒருவர். கடைசியில் தண்டவாளத்தால் நடந்து வந்த ரயில் கார்டையும் சேர்த்தால் ஐந்து. இதைக் கவனமாக எழுதுகிறேன், ஏனென்றால் பிறகு ஊரில் இருபது வாகனம் மறிபட்டது என்றும் அம்புலன்ஸ்கூட நின்றது என்றும் கதைத்தார்கள். அம்புலன்ஸ் நிற்கவில்லை. நின்றிருந்தால் எனக்கு இன்றைக்கும் நித்திரை வராது.

கப்பல்துறைக்கும் சீனக்குடாவுக்கும் இடையில் ஒரு கிறவல் மண் பாதை தண்டவாளத்தைக் கடக்கிறது. அங்கே நாட்கூலிக்குக் கேற் காக்கிறேன். கேற் என்றால் இரண்டு இரும்புத் தடி, ஒரு தகரக் கொட்டில், இரண்டு கொடி. ரயில் வருவதைச் சொல்ல மணி கிடையாது. தம்பலகாமப் பக்கத்துக் கேற்காரன் தன் இடத்தை ரயில் தாண்டியதும் எனக்கு ஒரு மிஸ் கோல் அடிப்பான். நான் தடியை இறக்குவேன். என்னைத் தாண்டியதும் நான் அடுத்தவனுக்கு அடிப்பேன். யாருக்கும் காசு போகாது. இப்படித்தான் எங்கள் பகுதியில் ரயில் ஓடுகிறது.

மிச்சத்துக்கு என் காதுதான். சின்ன வயதில் பெரிய எஞ்சின் பெட்டிகளை இழுத்து வரும். அது வருகிறது என்று நிலமே சொல்லும். பிறகு சண்டைக் காலத்தில் பல வருடம் லைனில் புல்தான் முளைத்தது. திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு ரயில் பஸ் வந்தது, இரண்டு பஸ்ஸை முதுகோடு முதுகு ஒட்டியதுபோல. அதற்குக் கியர் மாறுகிற சத்தம் வரும். உறுமினால் ஓடுகிறது, உறுமல் குறைந்தால் நிற்கிறது. அவ்வளவுதான் கணக்கு. இப்போது சில நாட்களில் பவர் செற் என்கிற புது டீசல் ரயில் வருகிறது. அதன் சத்தத்தையும் நான் அதே கணக்கிலேயே கேட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒருவரும் எனக்கு வேறு கணக்குச் சொல்லித் தரவில்லை.

அன்று ஒன்பது பத்துக்கு மிஸ் கோல் வந்தது. தடியை இறக்கிச் சங்கிலி போட்டேன். வழக்கம்போல மூன்று தரம் இழுத்துப் பார்த்தேன். இறால்காரர் வந்து நின்றார். பாதையின் மறுமுனையில் அவருடைய சரக்கை எடுக்கும் கூலர் லொறி பத்து மணிக்குப் புறப்பட்டுவிடும்.

“எவ்வளவு நேரம் தம்பி?”

“இந்தா வருது காக்கா. அஞ்சு நிமிசம்.” முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்.

வளைவுக்கு அந்தப் பக்கம், பற்றைக்குள்ளிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. எழும்பியது. நான் சிவப்புக் கொடியை விரித்துக்கொண்டு நின்றேன். சத்தம் தணிந்தது. திரும்ப எழும்பியது. ரயில் மட்டும் வரவில்லை.

ஒன்பது இருபத்தைந்துக்கு அவர் லொறியை விட்டு இறங்கினார். “தம்பி, நான் மெயின் ரோட்டால சுத்திப் போகட்டா? அங்க ரோட்ட கிண்டி வெச்சிருக்கான், அரை மணித்தியாலம் எடுக்கும். இப்பயே போனாப் புடிச்சிருவன்.”

அந்த நேரம் பார்த்து எஞ்சின் பலமாக உறுமியது.

“வேண்டாம் காக்கா, கேக்குதெல்லே? வந்திட்டுது.”

என் வாயால்தான் சொன்னேன். அவர் திரும்பிப் போய் ஏறினார்.

டீச்சர் ஹெல்மெற்றைக் கழற்றினார். “அண்ணன், நான் வளைவுமட்டும் நடந்து பாத்திட்டு வரட்டா? ரெண்டு நிமிசம்.”

“லைனுக்குள்ள இறங்க ஏலாது டீச்சர். ஏதும் நடந்தா நான்தான் பதில் சொல்லோணும்.”

“அப்ப நீங்க போய்ப் பாருங்கோவன்.”

“கேற்றை விட்டிட்டுப் போகேலாது.”

“போகவும் மாட்டார், விடவும் மாட்டார்,” என்றார் தயிர்க்காரர். “ரயில் அங்கால பொண்ணு பாக்க வந்த மாப்பிள போல வெக்கப்பட்டு நிக்குது. ஆராவது கூட்டிக்கொண்டு வாங்கோ.”

டீச்சர் சிரித்தார். ரயில்வேயில் தந்திருந்த நம்பருக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. மிஸ் கோல் தந்தவனுக்கு அடித்தேன். “என்னத் தாண்டி எப்பவோ வந்திட்டுதடாப்பா, நீ ஏன் காசைச் செலவழிக்கிறாய்?” என்று வைத்துவிட்டான். தடியைத் திறந்தால், திறந்த நேரம் பார்த்து அது வந்தால்? மூடி வைத்தால், பின்னால் இறால். லொறியின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் சொட்டியது.

“என்ர ஐஸ் கரையுது தம்பி,” என்றார் அவர். குரலில் கோபம் போய் வேறு ஏதோ இருந்தது. “கடன்பட்டு எடுத்த சரக்கு.”

சத்தம் எழும்பியது. “இந்தா...” என்று தொடங்கிவிட்டு நிறுத்தினேன்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, கார்ட் வளைவில் தெரிந்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

“ரயில் வராது. தடியைத் தூக்குங்க.”

“எஞ்சின் ஓடுதே ஐயா!”

“எஞ்சினுக்கு ஒரு வருத்தமுமில்லை. இதில டீசல் சில்லைச் சுத்திறேல்லை. டீசல் கரண்டை உண்டாக்கும், கரண்ட்தான் மோட்டரைச் சுத்தும். கரண்ட் போகுதில்லை. டிரைவர் முறுக்கி முறுக்கிப் பாக்கிறார், அதுதான் இந்தச் சத்தம்.”

அதாவது முக்கால் மணித்தியாலமாக, நின்ற இடத்தில் நின்றுகொண்டு கத்திய ஒரு சாமானை நம்பி நான் எல்லோரையும் மறித்து வைத்திருந்தேன். அது ஓடுமென்று சொன்னவன் நான் மட்டுந்தான்.

தடியைத் தூக்கினேன். டீச்சர் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு போனார். தயிர்க்காரர், “நல்ல காலம், தயிர் ஏற்கனவே புளிச்சது,” என்றார். இறால்காரர் போன வேகத்தில் தூசு கொட்டிலை மூடியது. கால் மணித்தியாலத்தில் திரும்பி வந்தார். கூலர் லொறி போய்விட்டது. டவுன் சந்தையில் கேட்ட விலைக்குக் கொடுத்ததில் பதினெண்ணாயிரம் நட்டம் என்று அடுத்த நாள் சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், விசயம் முடிந்திருக்கும். அவர் தடியைப் பிடித்துக்கொண்டு, “நீங்க வருது எண்டீங்க, அதுதான் நிண்டனான்,” என்று மட்டும் சொன்னார்.

அதற்கு மேல் பொறுக்க ஏலாமல், “பாதியை நான் தாறன் காக்கா,” என்று என் வாய் சொல்லிவிட்டது. வேண்டாம் என்பார் என்றுதான் நினைத்தேன். “சரி தம்பி,” என்றார்.

வீட்டில் மனைவி உலைமூடியை வைத்துவிட்டுக் கேட்டாள்: “ரயில் உங்கடயா? கரண்ட் உங்கடயா? ஆர் உங்களைக் கேட்டது?”

ஒருவரும் கேட்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல். ரயிலைத் திருத்தினார்கள், இப்போதும் அது ஓடுகிறது. எனக்கு யாரும் ஒரு கடிதம்கூட அனுப்பவில்லை, விளக்கமும் கேட்கவில்லை. இப்போது மிஸ் கோல் வந்து பத்து நிமிடத்தில் ரயிலைக் காணவில்லையென்றால், நிற்பவர்களிடம் “எனக்குத் தெரியாது, சுத்திப் போறதெண்டாப் போங்கோ” என்று சொல்கிறேன். அப்படிச் சொன்னதற்கும் ஏச்சு வாங்குகிறேன்.

ஒன்பதாயிரத்தில் இதுவரை மூன்று தரம், ஆயிரத்தைந்நூறு ஆயிரத்தைந்நூறாகக் கொடுத்திருக்கிறேன். மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாய்.