மாத்திரை போட்டாச்சா

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து அம்பத்தூர் எஸ்டேட்டுக்கு பஸ் மாறி வந்து, பழைய கடிதங்களை கம்ப்யூட்டரில் அடிப்பதுதான் எழிலரசியின் வேலை. பக்கத்து நாற்காலி என்னுடையது. போன ஆடியில் எங்களுக்கு வந்தவை, அமெரிக்கா தனி நாடான புதிதில் ஐரோப்பாவில் தூதராக இருந்த ஒருவர் ஊரிலிருந்த மனைவிக்கு எழுதிய கடிதங்கள். பிழை இருந்தாலும் திருத்தக் கூடாது, உள்ளது உள்ளபடி அடிக்க வேண்டும்.

அதே ஆடியில் எழிலின் மாமியார் பூங்காவனம் போய்ச் சேர்ந்தார். கணவன் கிருபாகரன் மஸ்கட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிது. "அவனாண்ட யாரும் வாயத் தொறக்கக் கூடாது. தெரிஞ்சா வேலைய உட்டுட்டு ஓடியாந்துருவான்" என்று கிருபாகரனின் பெரியப்பா தட்சிணாமூர்த்தி தீர்ப்புச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டில் இருப்பவர்களுக்குச் சாவுச் செய்தியை இப்படித்தான் மறைப்பார்கள். நல்லதுக்காம்! யாருக்கு நல்லது என்று கேட்கத்தான் ஆளில்லை. பங்காளி மகன் கொள்ளி வைத்தான். கருமாதியும் முடிந்தது.

கிருபாகரன் தினமும் எங்கள் மதியச் சாப்பாட்டு வேளையில், அங்கே வேலைக்குக் கிளம்பும் முன் பேசுவான். கடைசியில் தவறாமல் கேட்பான்: "அம்மா மாத்திர போட்டுக்கிச்சா?"

"போட்டுக்கிச்சு" என்பாள். அப்புறம் அவளுக்குச் சோறு இறங்காது. முன்பெல்லாம் வீடியோவில் வருகிறவன் இப்போது குரலோடு நிறுத்திக்கொண்டது அவளுக்கு நிம்மதி. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வேண்டாமே. "தெரிஞ்சா என் மூஞ்சில முழிப்பாராக்கா?" என்று என்னிடம் அழுவாள். அந்தப் பயம்தான் அவளை அரித்தது.

ஆவணியில் ஒருநாள் அடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டாள். தூதரின் மனைவி இறந்துவிட்டதாக, அந்த அம்மாளின் தம்பி தூதருக்கு எழுதிய கடிதம். ஆனால் அதற்குப் பிந்தைய தேதிகளில் தூதர் அந்த அம்மாளுக்கே எழுதிக்கொண்டிருக்கிறார். இருமல் குறைந்ததா, குளிரில் வெளியே போகாதே என்று. கப்பலில் சேதி இன்னும் போய்ச் சேரவில்லை.

"இவருக்குக் கப்பல் லேட்டு. எங்க ஊட்டுக்காரருக்கு நான்தானேக்கா லேட்டு" என்றாள். போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன்.

"இன்னாங்க... அத்தை போயிட்டாங்க. ஆடியிலயே. உங்களாண்ட மறைச்சுட்டோம்."

அழைப்பு வீடியோவுக்கு மாறியது. கிருபாகரன் தொப்பியைக் கழற்றினான். மொட்டைத் தலையில் முடி அப்போதுதான் முள்முள்ளாக முளைத்திருந்தது.

"தெருமுனையில கண்ணீர் அஞ்சலி பேனர் வச்சீங்கல்ல. எவனோ அத ஸ்டேட்டஸ்ல போட்டுட்டான். கருமாதி அன்னிக்கு நானே மொட்ட போட்டுக்கினேன்."

"அப்புறம் ஏன் தெனமும் மாத்திர கேட்டீங்க?"

"போட்டுக்கிச்சுன்னு சொல்லுவ. அதக் கேட்டுகினு வேலைக்குப் போவேன்." அவன் முகத்தைப் பொத்திக்கொண்டான். "இனிமே இன்னா கேப்பேன் எழிலு?"