நான் சேர்த்து வாசித்த வரி

தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்கிற பெண்ணைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. சிரிக்காதீர்கள். எழுபத்தைந்து வயதுக் கிழவன், ஆயர் குரோவில் மகன் வாங்கிய வீட்டில் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, பேத்தி வயதுப் பெண்ணைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். ஆனால் அவள் ஓர் இடத்தில்கூடத் திக்குவதில்லை. வரி மாறிப் போவதில்லை. முக்கியமாக, அவள் பாதி வாசிக்கும்போது எவனும் எழுந்து வெற்றிலை துப்பப் போவதில்லை. நானும் ஒரு காலத்தில் செய்தி வாசித்தவன்தான்.

நேற்று அவள் வாசித்தது இது. உலகச் சந்தை படுத்துவிட்டது. ரப்பர் விலையும் ஈய விலையும் இறங்கிவிட்டன. வெளிநாட்டிலிருந்து வந்து வேலை செய்கிறவர்களைத் திருப்பி அனுப்புவது பற்றி அரசாங்கம் யோசிக்கிறது. அவள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மருமகள் அடுப்படியில் கருவாடு பொரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் செய்தியும் அந்த வாசனையும் ஒன்றாக வந்ததில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மருமகள் பாவம், உப்பு கூடிப்போய்விட்டதோ என்று இரண்டு தரம் கேட்டாள்.

மலாயா ரப்பர்த் தோட்டத்தில் கழிந்த என் வாலிபத்தில் செய்தி என்றாலே கருவாட்டு வாசம்தான். புலாவ் செபாங் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு மளிகைக்கடை இருந்தது. கடைக்காரர் தமிழ்ப் பத்திரிகை வரவழைப்பார். அவர் படித்து, அவர் மைத்துனர் படித்து, கருவாட்டுக் கூடைக்குப் பக்கத்தில் நாலு நாள் கிடந்து, இனிப் பொட்டலம் மடிக்கத்தான் லாயக்கு என்று ஆன பிறகு என்னிடம் கொடுப்பார். அதற்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் தோட்டத்திலிருந்து மூன்று மைல் நடந்து போவேன். திரும்பி வரும்போது அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவேன். ஞாயிறு முழுக்க என் நெஞ்சில் நெத்திலி மணக்கும்.

நான் பால் மரம் வெட்டுகிறவன், அதாவது ரப்பர் மரப் பட்டையைச் சீவிப் பால் எடுக்கிறவன். அதில் பெரிய கெட்டிக்காரன் இல்லை. மரத்தில் காயம் போட்டுவிட்டுக் கிராணியிடம் ஏச்சு வாங்குகிற ரகம். ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் லயத்தில், அந்தக் கூலி வீட்டு வரிசையில், எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கிராணிக்கும் தெரியும், ஆனால் ஆபீஸ் கணக்கு எழுதுகிற மனுஷன் கூலிக்காரர்களுக்கு உட்கார்ந்து பத்திரிகை வாசித்துக் காட்டுவாரா? அதனால் ஞாயிறு மத்தியானம் குழாயடியில் ஒரு பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு நான் உட்காருவேன். முப்பது நாற்பது பேர் சுற்றி உட்காருவார்கள். என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு நான் ‘படிப்பு’, சின்னவர்களுக்குப் ‘படிப்பண்ணன்’. அந்தக் கர்வத்தில் எனக்குத் தலைகால் புரியாது.

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் இருந்ததை மட்டும் நான் வாசித்ததில்லை. லண்டனில் ரப்பர் விலை இறங்கியது என்று ஒரு வரி இருக்கும். அதை அப்படியே வாசித்தால் யார் கேட்பது? ராஜாவுக்கு உடம்பு சரியில்லை, அந்தக் கவலையில் வியாபாரிகள் கடை திறக்கவில்லை என்று நானாக இரண்டு வரி சேர்த்துவிடுவேன். ஊரில் ஊர்வலம் போனவர்களைச் சர்க்கார் பிடித்து உள்ளே போடுகிறது என்று வந்தால், அதில் ஒருவர் நம் திருச்சிப் பக்கத்து ஆள் என்பேன். எழுத்துத் தமிழில், ராகம் போட்டுச் சொன்னால் அதுவும் பத்திரிகை மாதிரியே இருக்கும். எனக்கே சில நேரம் எது அச்சில் இருந்தது, எது என் வாயில் இருந்தது என்று மறந்துபோகும். யாருக்கும் அதனால் கெடுதல் வரவில்லை, அப்போது.

பிறகு காத்தான் வந்தான்.

காத்தவராயன் என்று பெயர். பெம்பான் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து பெண்டாட்டி பவுனு என்பவளோடு எங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தான். என்னைவிட இரண்டு வயது இளையவன், ‘ஆனா ஆவன்னா’கூடத் தெரியாதவன். என் வாளிக்கு நேர் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நான் வாசிப்பதை வாய் திறந்து கேட்பான். நல்ல பையன் என்று நினைத்தேன். மறுநாள் காலையில்தான் தெரிந்தது. பெரட்டுக்கு, அதாவது பெயர் கூப்பிடும் களத்துக்குப் போகிற வழியில், நான் முந்தின நாள் வாசித்த அத்தனையையும் அவன் திருப்பிச் சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை விடவில்லை. ஆனால் அவன் சொன்னபோது எல்லாருக்கும் புரிந்தது.

அந்தக் காலத்தில் விலையை ஏற்றுவதற்காக பிரிட்டிஷ் சர்க்கார் பால் வெட்டைக் குறைக்கச் சொல்லிச் சட்டம் போட்டிருந்தது. பக்கத்தில் ஜாவாவிலும் சுமத்ராவிலும் டச்சுக்காரன் அதற்குச் சம்மதிக்கவில்லை. நாம் விட்ட வியாபாரத்தை அவன் பிடித்துக்கொண்டான். கடைசியில் சர்க்கார் அந்தச் சட்டத்தையே கைவிட்டது. இதை நான் வியர்க்க விறுவிறுக்க முக்கால் மணி நேரம் வாசித்தேன். ஆறு பேர் தூங்கிவிட்டார்கள். காத்தான் அதையே மறுநாள் குழாயடிச் சண்டையாக ஆடிக் காட்டினான். அவனே வெள்ளைக்காரன், அவனே டச்சுக்காரன்.

“ரெண்டு பேரும் கொறச்சுப் புடிப்போம், தண்ணி பத்தும்னு இவன் சொல்றான்லா. அவன் சரி சரின்னு தலையாட்டிட்டு, இவன் அந்தப் பக்கம் திரும்புனதும் அண்டாவத் தூக்கிட்டு வந்து வைக்கிறான்.”

களமே சிரித்தது. குப்பம்மா அக்கா, எங்கள் லயத்திலேயே நாக்கு நீளமானவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைத்தான் நேற்றைக்குப் படிப்பு மென்று முழுங்கினானா என்று கேட்டாள்.

அன்றைக்குப் பற்றியதுதான் என் வயிற்றெரிச்சல். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பத்தாகக் குறைந்தது. எதற்கு வெயிலில் உட்கார வேண்டும், திங்கட்கிழமை காத்தான் சொல்வானே என்று இருந்துவிட்டார்கள். மூன்று மைல் நடப்பது நான். நெத்திலி நாற்றம் சுமப்பது நான். பெயர் வாங்குவது அவன். அவனுக்கு அது தெரியவும் தெரியாது, அதுதான் என்னை இன்னும் வதைத்தது. எல்லாம் அண்ணன் வாசித்தது, நான் சும்மா சொல்கிறேன் என்று எல்லாரிடமும் என்னைத் தூக்கிவைத்துத்தான் பேசுவான். ஒரு முறை நான் வேண்டுமென்றே விழுங்கி விழுங்கி வாசித்தேன். அவன் என்ன சொல்கிறான் பார்ப்போம் என்று. நான் விழுங்கிய இடங்களைத்தான் அவன் நன்றாகச் சொன்னான்.

அவன் பால் வெட்டும் சுத்தம். பவுனு வைக்கிற மீன் குழம்பு நாலு வீடு தாண்டி மணக்கும். இதெல்லாம் எனக்கு எதற்கு என்கிறீர்களா? பொறாமை வந்துவிட்டால் அடுத்தவன் வீட்டுக் குழம்புகூடக் கண்ணை உறுத்தும்.

இந்தச் சமயத்தில்தான், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது வாக்கில், உலகமே தலைகீழானது. அமெரிக்காவில் மோட்டார் கார் வாங்க ஆளில்லை என்றார்கள். அதற்கு எங்கள் மரம் என்ன செய்யும்? ரப்பர் விலை பாதாளத்துக்குப் போனது. கூலியைக் குறைத்தார்கள், வேலை நாளைக் குறைத்தார்கள், பிறகு ஆளைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு வந்தது. பெரட்டில் யார் பெயர் கூப்பிடப்படாமல் போகுமோ என்று ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்போம்.

அந்த வாரம் நான் கொண்டுவந்த பத்திரிகையில் சர்க்கார் அறிவிப்பு இருந்தது. வேலையில்லாத இந்தியத் தொழிலாளர்கள் விரும்பினால் சர்க்கார் செலவிலேயே ஊருக்கு அனுப்பப்படுவார்கள், தோட்ட ஆபீசில் பெயர் கொடுக்கலாம். இவ்வளவுதான். அன்று குழாயடியில் பழையபடி பெருங்கூட்டம். நானும் ஒன்றும் சேர்க்காமல் வாசித்தேன். எல்லாரும் எழுந்து போனார்கள். காத்தான் மட்டும் போகவில்லை.

அவனுக்கு ஊரில் காணி கிடையாது, வீடும் கிடையாது. மாமனார் வீட்டில் எத்தனை நாள் ஒட்டிக்கொண்டிருப்பது? இங்கேயோ வாரத்தில் மூன்று நாள்தான் வேலை, இடுப்பில் ஒரு வயதுப் பிள்ளை. எதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறவன் அன்று சிரிக்கவில்லை.

“போனா திரும்ப வரலாமாண்ணே? அதப் பத்தி ஏதும் போட்டிருக்கா?”

அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். கிராணியைக் கேட்டுப் பார் என்று சொல்லியிருக்கலாம். நான் பத்திரிகையை விரித்தேன். அறிவிப்புக்குக் கீழே கூந்தல் தைல விளம்பரம் இருந்தது. அதன் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, ராகம் போட்டு வாசித்தேன்: ‘ரப்பர் விலை ஏறியதும் மேற்படி தொழிலாளர்களைச் சர்க்காரே தன் செலவில் திரும்ப அழைத்துக்கொள்ளும்.’

“மெய்யா போட்டிருக்கா?”

“போட்டிருக்குலா. பாத்துக்க.”

பார்த்தான். எழுத்துத் தெரியாதவன் எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தான். எனக்கு அப்போது மனதில் என்ன இருந்தது என்று கேட்டால் மழுப்ப மாட்டேன். இவன் போய்த் தொலைந்தால் என் ஞாயிற்றுக்கிழமை எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்றுதான் இருந்தது.

ஒன்றை நான் யோசிக்கவில்லை. கேட்டதைச் சும்மா வைத்துக்கொள்கிறவனா அவன்? மறுநாள் பெரட்டுக் களத்தில் என் வரிக்கு உயிர் கொடுத்துவிட்டான். கப்பல் கேப்டனாக நடந்து காட்டினான், துரையாகத் தொப்பியைக் கழற்றினான்.

“ராசா நம்மள வித்துப்புடலலா, இரவலுக்குத்தான் குடுக்குறாரு. வெல ஏறுனா அவரே கேட்டு வாங்கிக்குவாரு.”

பயந்துபோய்க் கிடந்த சனம் மாதக்கணக்குக்குப் பிறகு சிரித்தது. குப்பம்மா அக்கா மட்டும் என் பக்கம் திரும்பி, எல்லாருக்கும் முன்னால் கேட்டாள்.

“ஏன் படிப்பு, இவன் சொல்றது மெய்தானா?”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு என் மர நிரைக்குப் போய்விட்டேன். அந்த வாரத்தில் காத்தானோடு சேர்த்துப் பதினொரு குடும்பம் பெயர் கொடுத்தது.

புலாவ் செபாங் ஸ்டேஷனுக்கு லயமே திரண்டு வந்து அழுதது. காத்தான் ரயில் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு எல்லாரையும் சிரிக்க வைக்கப் பார்த்தான். பவுனு எனக்கென்று தனியாக ஒரு தூக்கில் குழம்பு கொடுத்துவிட்டுப் போனாள். நம்புவீர்களோ மாட்டீர்களோ, அந்த நிமிஷத்திலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. நான் போயிருந்தால் இத்தனை பேர் அழுவார்களா என்று கூட்டத்தை எண்ணிக்கொண்டு நின்றேன்.

அடுத்த ஞாயிறு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். நாலு பேர் வந்தார்கள். வாசித்து முடித்ததும் குப்பம்மா அக்கா சேலையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“வாசிச்சிட்ட, சரி. இப்ப யாரு இத எங்களுக்குச் சொல்றது?”

சில வருடங்களில் விலை ஏறத்தான் ஏறியது. பால் வெட்டைக் குறைக்க இந்த முறை டச்சுக்காரனும் சேர்ந்து கையெழுத்துப் போட்டான் என்று வாசித்தேன். யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்துக்கு மறுபடியும் ஆள் வேண்டியிருந்தது. பதினொரு குடும்பத்தில் இரண்டு, கங்காணி வழியாகத் திரும்பி வந்தன. பவுனுக்கு விடாத காய்ச்சல், அவள் எழுந்து நடமாடினதும் காத்தானும் வருவான் என்றார்கள். நானும் அவன் வருகிற நாளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். வந்தால் என் பாவம் கழிந்துவிடும், மறுபடியும் பொறாமைப்பட்டுக்கொள்ளலாம். அதற்குள் இங்கே கூலியை மறுபடி குறைத்தார்கள். இந்திய சர்க்கார் கோபித்துக்கொண்டு, இனி மலாயாத் தோட்டங்களுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதில்லை என்று நிறுத்திவிட்டது. குழாயடியில் அந்தச் செய்தியை வாசித்தவனும் நான்தான்.

அது நடந்து நாலைந்து மாதத்தில் கடிதம் வந்தது. யாரோ வாத்தியார் கையெழுத்து, சொன்னது காத்தான். காத்தான் கடுதாசி என்று தெரிந்ததும் குழாயடி நிறைந்துவிட்டது. வாளி போட்டு உட்கார்ந்தேன். பவுனு பிழைத்துக்கொண்டாள். இரண்டாவது பெண் பிள்ளை. அடுத்தவன் வயலில் கூலிவேலை, அதுவும் தினம் இல்லை. மலாயாவுக்கு ஆள் சேர்த்துக் கப்பலேற்றுகிற நாகப்பட்டினம் டிப்போவுக்குப் போனானாம். ஆள் எடுப்பதை நிறுத்தியாகிவிட்டது என்று விரட்டினார்களாம். அதற்கு மேல் எழுதியிருந்ததை என் கண் மட்டும் வாசித்தது. ‘சர்க்காரே திரும்ப அழைத்துக்கொள்ளும் என்று போட்டிருந்த அந்தப் பேப்பரை அண்ணன் பத்திரமாக வைத்திருப்பீர்கள். அதை அனுப்பினால் டிப்போ அதிகாரியிடம் காட்டுவேன். நான் சொன்னால் சிரிக்கிறார்கள். அச்சில் இருந்தால் நம்புவார்கள்.’

எல்லாரையும் விசாரித்ததாக எழுதியிருக்கிறான் என்று நானே சொல்லி முடித்து மடித்தேன்.

“அவ்வளவுதானா?” என்றாள் குப்பம்மா அக்கா.

“அவ்வளவுதான்க்கா.”

வாழ்க்கையில் எத்தனையோ வரி சேர்த்து வாசித்திருக்கிறேன். விட்டு வாசித்தது அன்றுதான். பதில் எழுத நாலு முறை உட்கார்ந்தேன். ‘அப்படி ஒரு பேப்பர் இல்லை தம்பி’ என்று எழுத வேண்டும், ஐந்து வார்த்தை. கை வரவில்லை. பிறகு ஜப்பான்காரன் வந்தான், கடிதப் போக்குவரத்தே நின்றுவிட்டது. எனக்கு அது வசதியாகப் போயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது அந்த லயம் இல்லை. குழாயடி இருந்த இடம் தெரியாமல் எண்ணெய்க்கென்று செம்பனை மரம் வைத்துவிட்டார்கள். பெரட்டு என்றால் பேரன் ராணுவமா என்று கேட்கிறான். குப்பம்மா அக்கா போய் வெகுகாலம் ஆயிற்று. மளிகைக்கடை இருந்த வரிசையில் டைப்ரைட்டர் பழுது பார்க்கிறான் ஒரு சீனன். செய்தி கேட்க யாரும் யாரையும் சுற்றி உட்காருவதில்லை. அதற்கெல்லாம் நான் அவ்வளவாக வருந்தவில்லை. வாளி மேல் உட்கார்ந்த காலத்திலும் என் வாசிப்புக்காக உட்கார்ந்தவர்கள் குறைவு. பத்துக் குடும்பம் கப்பலேறியதே, அது காத்தான் வாயை நம்பி. நான் வாசித்ததை நம்பிப் போனவன் காத்தான் ஒருவன்தான்.